வீடு ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது

வண்டி ரிப்பேரானால் ஊர் உலகத்தில் எல்லாரும் அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. எங்கள் வண்டிதான் எங்கள் வீடு. அது ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அடுப்பு, படுக்கை, சாமி படம், ஊறுகாய் ஜாடி, கொடியில் காயும் துணி எல்லாம் கூடவே போகும். அதோடு நானும் போவேன். கிரீஸ் டப்பாக்களுக்கும் கழற்றிப் போட்ட டயர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறேன். இந்த லட்சணத்தில் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். "ஜாலியா ஊர் சுத்துதீங்க" என்பார்கள். வாயில் நன்றாக வந்துவிடும். அடக்கிக்கொள்வேன்.

என் கணவர் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்னக் கக்கூஸ் எல்லாம் வைத்தார். இரண்டு வருஷமாக அதில்தான் குடியிருக்கிறோம். ஒருத்தர் விடாமல் எங்கள் உறவில் எல்லாரும் அவருக்குக் கிறுக்கு என்றார்கள். நானும் வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குடி வந்த அன்றே என் மனசு மாறிவிட்டது. காரணம் ஆணி.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு மாற்றல் மேல் மாற்றல். போன ஊரிலெல்லாம் வாடகை வீடு. ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட வீட்டுக்காரம்மாவிடம் போய் நிற்க வேண்டும். "செவரு வீணாப்போயிரும்" என்பாள். ஆனால் அவள் மட்டும் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வருவாள். குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று அடுக்களைக்குள் நுழைந்து என் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்த வீட்டுக்காரம்மாவெல்லாம் உண்டு. அப்படி முப்பது வருஷம் இருந்தவள் நான். இந்த வண்டியில் முதல் நாளே சுத்தியலை எடுத்து, இஷ்டத்துக்கு ஆணி அடித்தேன். மாட்ட எதுவும் இல்லாத இடத்திலும் ஒன்று அடித்தேன். அது இன்னும் வெறும் ஆணியாகவே இருக்கிறது.

என் மகனுக்கு இது புரியாது. சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். அவனைப் பொறுத்தவரை நாங்கள் வயசான காலத்தில் ரோட்டில் கிடக்கிறோம். "அது வீடு இல்லம்மா, வண்டி" என்று போனில் சொல்லாத நாள் இல்லை. போன வருஷம் ஒட்டன்சத்திரம் பக்கம் உச்சி வெயிலில் அச்சு முறிந்து நின்றபோது அவன் போன் செய்து அதையே சொன்னான். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, "இன்னொரு தடவ இது நடுரோட்ல நின்னா வித்துட்டு உங்கிட்டயே வந்து கெடக்கோம், போதுமா?" என்று கத்திவிட்டேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். தன் அபார்ட்மென்டிலேயே எங்களுக்கு ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டு, குற்றாலத்தில் குளித்த மாதிரியும் இருக்கும், நேரில் பேசின மாதிரியும் இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் தென்காசிக்கு வருவதாகச் சொன்னான். நாங்கள் வண்டியோடு ஸ்டேஷனுக்கு வந்து அவனை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அதற்கு முந்தின புதன்கிழமை பண்பொழியில் மலைக்கோயிலைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். ஆனிச் சாரல் முகத்தில் அடிக்கிறது, காற்று ஆளைத் தள்ளுகிறது, தென்காசிக் கோபுரம் கண்ணில் பட்டாயிற்று, எனக்கும் மனசு குளிர்ந்து இருந்தது. அது பொறுக்கவில்லை அந்த இன்ஜினுக்கு. குபுகுபு என்று ஆவி கிளம்பியது. முன்னால் ரோடு தெரியவில்லை. பஜார் கூட்டத்துக்கு நடுவில் வண்டி நின்றது. பின்னால் ஆட்டோக்காரர்களின் ஹாரன், பஸ்காரனின் வசவு.

"நடுரோட்லயே நின்னுட்டுதே" என்றேன்.

"நடுரோடு எங்க? ஓரமாத்தான் நிக்கி" என்றார் அவர்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்க் குத்துக்கல்வலசையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மகனிடம் மூச்சு விடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி செய்துவிட்டால் நின்றது நின்றதாகவே ஆகாது என்று அவர் சொன்னார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் ஒரு பாய். வளைகுடாவில் பல வருஷம் லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பித் தகரக் கொட்டகை போட்டிருந்தார். வண்டியின் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் போச்சு அண்ணாச்சி. இது பழைய மாடல், இங்கன கெடைக்காது. திருநவேலில பாருங்க" என்றார். இன்ஜினுக்குத் தண்ணீர் சுற்ற வைக்கிற சின்ன உருப்படி அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் கொதிக்கும். என் கணவர் மறுநாள் காலையிலேயே உற்சாகமாகப் பஸ் ஏறிவிட்டார். ரிப்பேர் என்று வந்துவிட்டால் இந்த ஆம்பளைகளுக்கு எங்காவது கிளம்பிப் போகச் சாக்குக் கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மினி பஸ்ஸுக்கு இன்ஜின் முன்னால் வெளியே இல்லை. உள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மூடிக்குக் கீழே இருக்கிறது. அந்த மூடியின் மேல்தான் என் பருப்பு டப்பா, அரிசி டப்பா, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். இன்ஜின் சூட்டுக்கு வண்டு வராதாம், அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே பழைய பம்பைக் கழற்ற வேண்டுமென்றால் என் அடுக்களைக்குள் வர வேண்டும். நான் டப்பாக்களையெல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பாய் வரவில்லை. வேறொரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், தெறந்து வச்சிருக்கேன். ஏறி வாங்க" என்று கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி வந்துறட்டும்க்கா."

"அவுக வர சாயங்காலம் ஆகும். கழட்டி வச்சா வேல ஓடும்லா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, படிக்கு ரெண்டடி தள்ளியே நின்றார். "இல்லக்கா. ஆம்பள இல்லாத வீட்ல ஏறுதது எனக்குப் பழக்கமில்ல. தப்பா எடுத்துக்காதீய."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சரி, நான் எறங்கி வெளிய நிக்கேன். நீங்க உள்ள போங்க."

"ஆளே இல்லாத வீட்டுக்குள்ள நான் மட்டும் ஏறுததா? அது அதவிட மோசம்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் உள்ளே இருந்தாலும் வர மாட்டாராம், வெளியே இருந்தாலும் வர மாட்டாராம். தலையில் அடித்துக்கொண்டேன். சாயங்காலம் என் கணவர் வெற்றிவீரர் மாதிரி ஒரு பம்போடு வந்து இறங்கினார். அவர் வந்ததும் பாய் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி, மூடியைத் திறந்து, பழைய பம்பைக் கழற்றி, புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பழையதை முதலிலேயே கழற்றிக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

வெள்ளிக்கிழமை பழைய பம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். மத்தியானம் போன் வந்தது. மதுரையிலிருந்து பம்ப் சனிக்கிழமைதான் வருமாம், இவர் பாளையங்கோட்டையில் பழைய சிநேகிதர் வீட்டில் தங்கிக்கொள்கிறாராம். "நீ ஒண்ணும் கவலப்படாத" என்று வேறு சொன்னார். நான் கவலைப்படவில்லை. அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் பாயிடம் நியாயமாகத்தான் பேசினேன். சாயங்காலம் பம்ப் வந்ததும் மாட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இன்ஜினில் ஒட்டியிருக்கிற பழைய பேக்கிங் அட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும், அரைநாள் வேலை என்று அவரே சொல்லியிருந்தார். அவர் தலையை ஆட்டினார். எல்லாம் சரிதான், அண்ணாச்சி வரட்டும் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாய், இது வீடு இல்ல, வண்டி! கீழ டயர் இருக்கு, பின்னால நம்பர் பிளேட் இருக்கு, நல்லாப் பாருங்க. பஸ்ஸுல ஏறணும்னா எல்லார் வீட்டுக்காரரயும் கேட்டுட்டா ஏறுவீக?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷமாக என் மகன் சொல்லி, நான் ஒவ்வொரு தடவையும் சண்டை போட்ட அதே வார்த்தை என் வாயிலிருந்து வருகிறது.

பாய் கோபப்படவில்லை. நிதானமாக உள்ளே எட்டிப் பார்த்தார். "அடுப்பு இருக்கு. கட்டில் இருக்கு. சாமி வெளக்கு இருக்கு. நீங்க குடியிருக்கிய. இத எப்படிக்கா வண்டின்னு சொல்லுதது?" என்றார்.

அந்த மனுஷனோடு என்னத்தைப் பேச? ஒரு வழிதான் இருந்தது. "உங்க வீட்ல அக்காவ வரச் சொல்லுங்க. அவங்க எங்கூட இருந்தா ஏறுவீகளா?" என்று கேட்டேன். யோசித்தார். அது சரிப்படும் என்றார். ஆனால் சீசன் நேரம், வீடு நிறைய விருந்தாளிகள், அவளுக்கு அடுப்படியை விட்டு நகர முடியாதே என்று இழுத்தார். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் தென்காசிக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடுவார்கள். எனக்குத் தெரியாததா? "சும்மா கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வந்தார். தனியாக வரவில்லை. விருந்துக்கு வந்திருந்த நாத்தனாரையும் நாத்தனார் மகளையும் கூட்டிக்கொண்டு, தலைக்குத் துப்பட்டியைச் சரி செய்துகொண்டு, படியருகில் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு ஏறினார். கையில் ஒரு பை. என்னவென்று பார்த்தால் சீனியும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

"என்னத்துக்கு இதெல்லாம்?" என்றேன்.

"மொத மொத ஒரு வீட்டுக்கு வாரோம். வெறுங்கையோட வருவாகளா?" என்றார் அவர், நான் கேட்டதே தப்பு என்கிற மாதிரி.

இரண்டு வருஷத்தில் என் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இந்த வண்டியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். செருப்புக் காலோடு ஏறுவார்கள், கட்டிலை அமுக்கிப் பார்ப்பார்கள், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துச் சிரிப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஒருத்தரும் ஒரு பழம் வாங்கி வந்தது கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பையை மாட்ட இடம் தேடினேன். அந்த வெறும் ஆணிக்கு அன்றைக்கு ஒரு வேலை வந்தது.

நாங்கள் நாலு பேரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து டீ குடித்தோம். பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்ஜினுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் என் மிளகாய்த்தூள் எங்கே திரித்தது என்று கேட்டார். பாயின் மனைவி அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்து, "அளவா, வசதியா இருக்கு. கூட்டிப் பெருக்குத வேல மிச்சம்" என்றார். குழம்புச் சட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் என் கணவர் பம்போடு வந்தார். இந்தத் தடவை சரியான பம்ப். ஆனால் தலை ஈரமாக இருந்தது, தோளில் நனைந்த துண்டு, மேலெல்லாம் எண்ணெய் வாசனை.

"எங்க போயிட்டு வாரீக?"

"பஸ் குத்தாலம் வரைக்கும் போச்சு. தண்ணி அருமையா விழுது. அஞ்சே நிமிஷம்..."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பாயே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பாய் பம்பை மாட்டிவிட்டு, அருகில் இருந்த ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தார். "இதுவும் வெடிப்பு விட்டிருக்கு அண்ணாச்சி. நாளைக்குப் பத்து மணிக்கு மேல கடை தெறப்பாக, மாத்திருவோம்" என்றார். என் கணவருக்கு எங்கே பொறுமை? "ஓடும் பாய். காலைல பையன் வாரான்" என்றுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு தடவையாவது திறந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. வண்டியும் சரியான நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றது. மகன் ஷூவோடு ஏறி, நான் கீழே விரித்திருந்த கோரைப்பாய்மேல் நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "பரவால்லையே, ஓடுதே" என்றான். என் கணவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். மேலகரம் தாண்டவில்லை. டப்பென்று ஒரு சத்தம். ரப்பர் குழாய் வெடித்து, மூடியின் இடுக்கு வழியாக வீடு முழுக்க ஆவி. அரிசி டப்பாமேல், சாமி படத்தின்மேல், மகனின் முகத்தின்மேல். குற்றாலத்துக்குப் போகிற கார்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஓரம் என்று சொல்லக்கூட வழியில்லை. அப்பட்டமான நடுரோடு.

நாலு பேரைப் பிடித்து வண்டியைத் தள்ளி ஓரமாக ஒதுக்கிவிட்டு, பாய்க்குப் போன் செய்தோம். பிறகு என் கணவர் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். இந்த நேரத்தில் என் பக்கத்தில் நிற்காமல் இருக்க அவருக்கு அதுவும் ஒரு சாக்கு. நானும் மகனும் மட்டும் இருந்தோம். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டான்.

"அம்மா, நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?"

சொன்னது சொன்னதுதான். ஆணியில் தொங்கிய பழப் பையையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பாய் பைக்கில் வந்தார். கையில் புதுக் குழாய் இருந்தது, கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி வாங்கினாராம். படியருகில் செருப்பைக் கழற்றினார். ஏறவில்லை. "அண்ணாச்சி..." என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அப்பா தண்ணி எடுக்கப் போயிருக்காரு. நான் அவர் பையன். நீங்க ஏறிப் பாருங்க" என்றான் என் மகன்.

"சந்தோசம் தம்பி. வீட்டுக்காரம்மா சொல்லட்டும்."

"அதான் நான் சொல்றேன்ல? வண்டிதானே, ஏறுங்க."

"நீங்க விருந்தாளில்லா தம்பி" என்றார் பாய், கொஞ்சமும் கேலி இல்லாமல். "வீட்டுக்காரம்மா சொல்லாம எப்படி ஏறுதது?"

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். பாயும் என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் ஊர் ஊராக நான் யாருக்கெல்லாம் பயந்தேனோ, யாரைக் கேட்டுக் கேட்டு ஆணி அடித்தேனோ, அந்தப் பெயரால் என்னை ஒருத்தர் கூப்பிட்டுவிட்டு, ரோட்டோரத்தில் வெறுங்காலோடு நின்று என் வார்த்தைக்குக் காத்திருக்கிறார்.

"ஏறி வாங்க பாய்" என்றேன். குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. அந்த வேகத்திலேயே மகனிடமும் சொன்னேன். "ஞாபகம் இருக்கு. சொன்னேன். இப்ப மாத்திச் சொல்லுதேன். நாங்க வரல. வீடு ரிப்பேராயிருக்கு, சரி பண்ணுதோம். உன் அபார்ட்மென்ட்ல லிஃப்ட் மாசத்துக்கு ரெண்டு தடவ நிக்கே, வித்துட்டா ஓடிப்போன?"

பாய் ஒன்றும் காதில் விழாதவர் போல டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, மகன் கையில் கொடுத்தார். அவன் வாங்கி வாங்கிக் கட்டிலில் வைத்தான். மிளகாய்த்தூள் டப்பாவை வைத்துவிட்டு நிமிர்ந்தவனுக்கு, படிக்குக் கீழே கிடந்த பாயின் செருப்பு கண்ணில் பட்டது. பிறகு குனிந்து, என் கோரைப்பாய்மேல் ஊன்றியிருந்த தன் காலைப் பார்த்தான்.

உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தான். கழற்றி இரண்டையும் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, "இத எங்கம்மா விடணும்?" என்று கேட்டான்.